மூத்த தேரைப் பேணுதல்



பௌர்ணமிதோறும் நாம் கூடுங்கால், ஆக்கப்பட்டவை யாவும் அழியும் தன்மையன என்னும் பகவானின் போதனையைக் கேளாமல் கலைவதில்லை. ஆயினும் அதனைக் கேட்டோர் யாவரும் ஒரே பொருளில் கொள்வதாகத் தெரியவில்லை. கூரை ஒழுகுகிறதே என்று ஓர் இளைஞனைக் கேட்டால், "எல்லாம் அநித்தியந்தானே, ஐயா" என்று விடை வருகிறது. கூரை அநித்தியம் என்பது மெய்யே. ஆனால் அவன் கண்டது அநித்தியத்தை அன்று. ஏணி எடுப்பதில் உள்ள துன்பத்தைத்தான்.

இதற்கு நேர்மாறான ஐயம் ஒன்று சில திங்கள்களுக்கு முன் எனக்கு வந்தது. நம் சங்கத்து உபாசகர் ஒருவருடைய இளவல் ஷார்ஜாவில் மோட்டார்ப் பட்டறை ஒன்றில் இருபதாண்டுகளுக்கு மேலாகப் பணிபுரிபவர். அவரிடம் 1993-இல் செய்யப்பட்ட லெக்ஸஸ் எல்எஸ் 400 என்னும் ஜப்பானியச் சொகுசு வண்டி ஒன்று இருந்தது. விடுமுறை நாள்தோறும் தாம் அதன் அடியில் படுத்துப் பழுது பார்ப்பதையும், உடன் தங்கியோர் நகைப்பதையும், ஊரில் இருக்கும் மனைவியார் மனம் வருந்துவதையும் எழுதி, "நான் செய்வது தொழிலா, ஐயா, அல்லது பகவான் விலக்கிய பற்றா?" என்று கேட்டிருந்தார். ஆண்டு முடிவில் அவர் வேலையை விட்டு ஊர் திரும்ப வேண்டும். வண்டியை உடன் கொணரவும் வழியில்லை. மூன்றாண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிக்கும், இடப்பக்கம் ஸ்டியரிங் உள்ள வண்டிக்கும் நம் நாட்டு இறக்குமதி விதி பொதுவாக இடந்தருவதில்லை.

அத்தம்பிக்கு நான் எழுதியதை ஏனையோர்க்கும் பயன்படக் கருதி இங்கு விரித்துரைக்கிறேன்.

அவ்வண்டியின் வரலாறு முதலில் தெரிய வேண்டும். 1983-ஆம் ஆண்டில் டொயோட்டா நிறுவனத்தின் தலைவராய் இருந்த எய்ஜி டொயோடா என்பார், உலகில் எதற்கும் குறையாத வண்டி ஒன்றை நம்மால் செய்ய இயலுமா என்று தம் பொறியாளர்களைக் கேட்டார். ஆறாண்டு உழைப்பிற்குப் பின், 1989-இல் அவ்வண்டி அமெரிக்காவில் லெக்ஸஸ் என்ற பெயரிலும் ஜப்பானில் டொயோட்டா செல்சியோர் என்ற பெயரிலும் விற்பனைக்கு வந்தது. எட்டு சிலிண்டர், நான்கு லிட்டர் இன்ஜின். ஓடுகிறதா நிற்கிறதா என்று காதால் அறிய இயலாத அளவுக்கு அமைதியானது என்பர். அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 35,000 டாலர்.

இந்த எய்ஜி டொயோடாவின் பெரிய தந்தையார் யாரென்று கேட்டால், என் போன்ற ஆலைத் தொழிலாளிக்கு நெஞ்சு சற்று நிமிரும். அவர் சகிச்சி டொயோடா, தறி செய்தவர். தச்சர் ஒருவரின் மகனாக 1867-இல் பிறந்தவர். அவர் 1924-இல் நிறைவு செய்த தானியங்கித் தறியின் சிறப்பு, அதன் வேகம் மட்டுமன்று. நூல் அறுந்தால் அது தானே நின்றுவிடும். அத்தறியின் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி விலை கொடுத்து வாங்கிற்று. மோட்டார் கம்பெனி தனியே தோன்றியது 1937-இல். ஆக, தறிக்கூடத்தில் பிறந்த வண்டி அது.

நூல் அறுந்தால் தறி நிற்பது பெரிய காரியமா என்று வெளியார் நினைக்கலாம். நான் இருபதாண்டுக் காலம் தறிமுன் நின்றவன். பாவில் ஒரே ஓர் இழை அறுந்து, அதைக் காணாமல் தறி ஓடுமாயின், அவ்விழையின் இடம் துணி நெடுகிலும் கோடாக விழுந்துகொண்டே போகும். கெஜக் கணக்கில் நெய்த பின்னரே மேஸ்திரியின் கண்ணில் படும். அத்துணி முழுவதும் இரண்டாந்தரம். அறுந்த கணத்தில் நிறுத்தினால் முடிச்சுப் போட அரை நிமிடம் போதும். அப்பிரமாதம், அதாவது மறவாமை, எனப் பகவான் ஓயாது வற்புறுத்தியதை நான் ஏட்டில் படித்ததற்கு முன்பே தறியில் படித்திருந்தேன் என்று சொல்லிக்கொள்வதுண்டு.

அந்த வண்டி விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே, 1989 டிசம்பரில், இரண்டோர் உரிமையாளர்கள் மின்கம்பியிலும் பின்புற நிறுத்த விளக்கிலும் குறை கண்டு முறையிட்டனர். செய்தவர்கள் அதுவரை விற்றிருந்த ஏறத்தாழ 8,000 வண்டிகளையும் திரும்ப அழைத்து, வீட்டுக்கே ஆள் அனுப்பி எடுத்துவந்து, இருபது நாளில் சரிசெய்து கொடுத்தனர். வணிகர் தம் நற்பெயரைக் காக்கவே அவ்வாறு செய்தனர்; அவர்களைப் போதிசத்துவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயினும் தறியின் குணம் அங்கே தெரிகிறது.

இனி மூப்பிற்கு வருவோம். தம்மபதத்தில் மூப்பினைப் பற்றிய பகுதியில் அரசருடைய தேர் உவமையாக வருவது நீங்கள் அறிந்ததே. எத்துணைச் செம்மையாகச் செய்யப்பட்டதும் மூப்பிற்கு விலக்கன்று. அத்தம்பி தம் வண்டியின் நோய்களை வரிசையாக எழுதியிருந்தார். படிக்கும்போது மருத்துவச் சீட்டுப் போலவே இருந்தது. பவர் ஸ்டியரிங் பம்பு நாளடைவில் எண்ணெய் கசியும். அதன் கீழேதான் ஆல்டர்னேட்டர் இருக்கிறது. கசிந்த எண்ணெய் அதன்மேல் சொட்டிச் சொட்டி அதனையும் கெடுக்கும். பத்து ரூபாய்க் கசிவை விட்டவன் பத்தாயிரம் ரூபாய்க்கு ஆல்டர்னேட்டர் வாங்குவான். வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டர்கள் வயதானால் உள்ளிருக்கும் நீர்மத்தைக் கசியவிட்டுப் பலகையை அரிக்கும். வேகம் காட்டும் முட்கள் ஒளியிழந்து இரவில் கண்ணுக்குத் தெரியாமற் போகும். ஸ்டார்ட்டர் மோட்டாரோ இன்ஜினின் இரு சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே, மேனிஃபோல்டுக்கு அடியில் புதைந்திருக்கிறது. அந்தச் சிறு பொருளை மாற்ற இன்ஜினின் மேற்பகுதியையே கழற்ற வேண்டும். டைமிங் பெல்ட்டை ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; அதனைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது அறிந்தோர் வழக்கம். பாலை வெயிலோ ரப்பர் புஷ், ஹோஸ், பாட்டரி ஆகிய எதனையும் விட்டுவைப்பதில்லை.

இவற்றுள் ஒன்றேனும் திடீரென வருவதன்று என்பதை நோக்குங்கள். கசிவு முதலில் ஈரமாகத் தெரிகிறது, பிறகு துளி, பிறகு தரையில் கறை. பெல்ட் அறுவதற்கு நெடுநாள் முன்பே வெடிப்புக் காட்டுகிறது. பகவான் கூறிய நல்முயற்சி நான்கில், எழாத தீமையை எழாமல் தடுப்பது முதலாவது. எழுந்ததை நீக்குவது இரண்டாவது. இவ்விரண்டையும் மனத்துக்கே உரியன என்று பலர் கருதுகின்றனர். ஈரம் கண்டவுடன் குனிந்து பார்க்கும் பழக்கமில்லாதவன், தன் மனத்தில் சினம் ஈரங்காட்டும்போது மட்டும் எப்படிக் காண்பான்? ஆதலின், "அநித்தியம்" என்று கூரையை விட்ட இளைஞனுக்கும் விடை இதுவே. பொருள் அழியாததாய் இருந்திருப்பின் பேணுதற்கே வேலையில்லை.

அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டு எல்எஸ் 400 ஒன்று 2019-இல் பத்து இலட்சம் மைலைக் கடந்தது. அவ்வளவு தூரம் ஓடிய வண்டியில் எத்தனை பெல்ட், எத்தனை பம்பு, எத்தனை டயர் மாறியிருக்கும்! மாறாமல் எஞ்சியது எதுவோ அதுதான் வண்டியா? நாகசேனர் மிலிந்த மன்னனைக் கேட்ட கேள்வி இதுதான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா என்று கேட்டுக்கொண்டே வந்து, உறுப்புகள் கூடிய இடத்துக்கு வழங்கும் பெயரே தேர் என்று அம்மன்னனையே சொல்லச் செய்தார். இதனை அறிந்தே ஒருவன் வண்டியைத் துடைத்தால் அதில் குற்றமில்லை. "இது நான், இது என் பெருமை" என்று துடைத்தால் துணியிலும் அழுக்கு, மனத்திலும் அழுக்கு.

தம்பியின் வினாவை இந்த இடத்தில்தான் அளந்து பார்க்க வேண்டும். பற்று என்பதைச் சோதிக்கப் பணக்கணக்கைப் போன்ற கருவி வேறில்லை. இல்லறத்தான் தன் வருவாயை நான்கு கூறாக்கி, ஒன்றை நுகர்ந்து, இரண்டைத் தொழிலில் இட்டு, நான்காவதை இடர்க்காலத்துக்கு வைக்க வேண்டும் என்று சிகாலனுக்குப் பகவான் உபதேசித்தார். பழைய சொகுசு வண்டியில் ஒரு பொறி உண்டு. அதன் விலை ஆண்டுதோறும் இறங்கி, தொழிலாளியும் வாங்கத்தக்க அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதன் உதிரிப் பாகங்கள் அதனோடு சேர்ந்து இறங்குவதில்லை. பணக்காரனுக்காகச் செய்த பம்பு, ஏழை வாங்கியதற்காக மலிவதில்லை. ஷார்ஜாவின் பழைய சாமான் கடைகளில் உடைத்த வண்டிகளின் பாகம் கிடைக்கும். அதிலும் நல்லது, கெட்டது உண்டு. வாங்கும் விலையை மட்டும் எண்ணி இறங்குவோர் முதல் பெரிய பழுதிலேயே கடன்படுகின்றனர். அதனை உருவாக்கிய ஜப்பானிலும், மூன்றாண்டு கழிந்தபின் இரண்டாண்டுக்கொருமுறை சோதனை. பதின்மூன்றாண்டு கடந்தால் வரியும் கூடுதல்.

ஆதலால் தம்பியிடம் நான் கேட்டது ஒன்றே: வண்டிக்குச் செலவழிப்பது எந்தக் கூறிலிருந்து? தம் கையாலேயே பழுது பார்ப்பதால் கூலி இல்லை என்றும், பாகங்களின் செலவு தம் நுகர்வுக் கூறுக்குள் அடங்கிற்று என்றும், ஆனால் ஏசியின் கம்ப்ரஸரை மாற்றிய ஒரு மாதம் மட்டும் ஊருக்கு அனுப்பும் பணத்தில் கைவைத்ததாகவும் மறைக்காமல் எழுதினார். அந்த ஒரு மாதந்தான் பற்று, ஏனையது பேணுதல். மனைவியார் வருந்தியதும் அந்த மாதத்தைப் பற்றியே இருக்கக்கூடும், அவரிடம் நேரே கேட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுங்கள் என்று எழுதினேன்.

பேணுதலின் முடிவு எங்கே என்பதற்கு ஆனந்தரைவிடச் சிறந்த ஆசான் இல்லை. பகவானின் பரிநிர்வாணத்துக்குப் பின், கோசாம்பியில் உதயண மன்னனின் தேவியர் ஆனந்தரின் உரை கேட்டு மகிழ்ந்து ஐந்நூறு மேலாடைகளை அவருக்கு அளித்தனர். மன்னனுக்கு இது பொறுக்கவில்லை; துறவி துணிக்கடை வைக்கப் போகிறாரோ என்று ஐயுற்று நேரில் வந்து வினவினான். ஆடை கிழிந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தையுறையாகும். அதுவும் பழசானால் தரைவிரிப்பு, பின் கால்மிதி, பின் தூசு துடைக்கும் துணி. அத்துணியும் நைந்தால், அதனைத் துண்டாக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்றார். மன்னன் மகிழ்ந்து மேலும் ஐந்நூறு அளித்தான். வினய பிடகத்தில் உள்ள இவ்வரலாற்றை நம் ஆலையில் துணிக்கழிவு பொறுக்கிய பெண்களுக்கு ஒருமுறை சொன்னேன். "சாமிக்கு எங்க வேலை தெரிஞ்சிருக்குதே" என்றாள் ஒரு மூதாட்டி. ஆனந்தர் எந்தப் படியிலும் துணியை வீணாக்கவில்லை. எந்தப் படியிலும் "இது ஆடையாகவே இருக்க வேண்டும்" என்று பிடித்து நிறுத்தவுமில்லை. ஓடும்வரை ஓட்டுவதும், ஓட்ட இயலாதபோது அதன் பாகம் வேறொரு வண்டிக்குச் செல்ல விடுவதும் அவ்வழியைச் சேர்ந்தவையே.

விற்கும் நாள்தான் கடினமானது. பழைய வண்டிச் சந்தையில் மீட்டரைப் பின்னோக்கித் திருப்புவதும், கசிவுள்ள இடத்தைக் கழுவித் துடைத்துவிட்டு வாங்குவோனை அழைப்பதும் பல நாடுகளிலும் நடப்பதே. பொய் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டேன் என்பர். நாம் ஏற்ற நான்காம் சீலத்திற்கு இச்சாமர்த்தியம் தெரியாதா? பெல்ட் எப்போது மாற்றியது, எந்தப் பாகம் பழைய சாமான் கடையில் எடுத்தது, எது இன்னும் கசிகிறது என்பனவற்றையெல்லாம் குறிப்பேட்டில் எழுதி, வாங்குவோன் கேட்குமுன்னரே கையில் கொடுத்துவிடும்படி எழுதினேன்.

சென்ற மாதம் வண்டியை எகிப்து நாட்டவர் ஒருவர் வாங்கிக்கொண்டதாகச் செய்தி வந்தது. பம்பின் கசிவையும் முட்கள் இருண்டிருப்பதையும் முதலிலேயே சொன்னதால் விலை குறைந்ததாம். ஆனால் குறிப்பேட்டைப் பார்த்தவர் வேறு எதையும் சோதிக்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்தாராம். அத்தொகையில், அந்த ஒரு மாதப் பாக்கியை முதலில் தீர்த்துவிட்டார். எஞ்சியதை எந்தக் கூறில் சேர்ப்பது என்று இம்முறை அவர் மனைவியாரே என்னிடம் கேட்டனுப்பினார். நான்காம் கூறில் வையுங்கள் அம்மா என்று சொல்லியிருக்கிறேன்.