தொழிலும் கைவேலையும்

காசிமேட்டில் கிழிந்த வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஆணைப் பார்த்து, பொழுது போகாமல் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணி ஒவ்வொன்றும் ஒரே அளவில் விழ வேண்டும், முடிச்சு நழுவக் கூடாது. பார்த்தவுடனே அது தொழில் என்று நமக்குத் தெரிகிறது. அதே முடிச்சை மெல்லிய நூலில் போட்டு, சிறு கண்ணிகளாலான வலையாக்கி, அதற்குள் ஊசியால் பூவும் இலையும் நிரப்பினால் அதற்கு ஃபிலே லேஸ் என்று பெயர். அதைச் செய்பவள் பெண். அது கைவேலை. முடிச்சு மாறவில்லை, பெயர் மட்டும் மாறிவிட்டது. ஒரு செயலைத் தொழில் ஆக்குவது எது என்ற கேள்வியை நான் இங்கிருந்துதான் கேட்கத் தொடங்குகிறேன்.

லேஸ்களில் மிகக் கடினமானது ஊசி லேஸ். 16ஆம் நூற்றாண்டில் வெனிஸில் இதைக் 'காற்றில் போட்ட தையல்' என்றார்கள். அடியில் துணி கிடையாது. வரைபடத்தின் கோடுகள்மேல் நூலைப் படுக்கவைத்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு காஜா தையல் போட்டுப் போட்டு இடைவெளியை நிரப்புவார்கள். முடிந்ததும் வரைபடத்தோடு பிணைத்த நூல்களை அறுத்துவிட்டால் பூ தனியே நிற்கும். பிரான்சின் அலென்சோன் ஊரில் இன்றும் இதைச் செய்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 மணி நேரம் ஆகும். யுனெஸ்கோ 2010இல் அதை மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அசலை அடையாளம் காண ஒரு பூதக்கண்ணாடி போதும். ஊசி லேஸில் வரிசை வரிசையாகக் காஜா தையலின் வளையங்கள் தெரியும். திண்டின்மேல் மரக்கட்டைகளில் நூல் சுற்றிப் பின்னிய லேஸில் நூல்கள் துணி நெசவுபோல ஒன்றையொன்று கடந்து செல்லும். குரோஷாவில் சங்கிலி தெரியும். இயந்திரம் செய்யும் 'கெமிக்கல் லேஸ்' கரையக்கூடிய துணிமேல் எம்பிராய்டரி போட்டு, பிறகு துணியைக் கரைத்து எடுப்பது. அதில் வளையம் இராது, பிசிறுதான் இருக்கும். கையால் செய்ததில் ஒரு கண்ணி இறுகியும் அடுத்தது சற்றுத் தளர்ந்தும் இருக்கும். விலையை ஏற்றுவது அந்தத் தளர்வுதான். ஒரு பெண்ணின் கை அங்கே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. ஆனால் அந்தச் சான்று பெரும்பாலும் விற்பவருக்குத்தான் பயன்படுகிறது.

ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோஷா லேஸ் பின்னிய பெண்களைப் பற்றி ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ் 1982இல் ஒரு நூல் வெளியிட்டார். உலகச் சந்தைக்குப் போகும் பொருளைச் செய்த அந்தப் பெண்களின் நாள் வருமானம் ஒரு ரூபாய்க்கும் குறைவு. வியாபாரிகள் அவர்களைத் தொழிலாளிகள் என்று சொல்லவில்லை. வீட்டில் இருக்கும் பெண்கள், ஓய்வு நேரத்தில் பின்னுகிறார்கள் என்றார்கள். அப்படிச் சொல்லும்வரை கூலியைக் குறைவாகவே வைத்திருக்க முடியும். 2024இல் நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குக் கிடைத்த அந்தப் பெயர் கைகளுக்கும் கூலி ஆகுமா என்பதுதான் என் கேள்வி.

திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. எங்கள் தெருவில் சேலைக்கு ஃபால்ஸ் தைத்தவர்களும் முந்தானைக்குக் குஞ்சம் கட்டியவர்களும் இருந்தார்கள். உலை கொதிக்கும் இடைவெளியில் ஊசியை எடுப்பார்கள், குழந்தை அழுதால் வைத்துவிடுவார்கள். கணக்கெடுக்க வந்தவரிடம் "நான் வீட்லதாம்மா இருக்கேன்" என்றுதான் சொல்வார்கள். அது பொய்யுமல்ல, அடக்கமுமல்ல. வேலை என்றால் வெளியே போய்வருவது என்று நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த இலக்கணம் அது. விட்டுவிட்டு நடக்கும் வேலையை மணிக்கணக்கில் சேர்ப்பது கடினம்தான். அந்தக் கடினத்தின் விலையை ஏன் அவளே கொடுக்க வேண்டும்?

அப்படியென்றால் எல்லாவற்றையும் இயந்திரத்திடம் விட்டுவிடலாமே, கண்ணாவது பிழைக்குமே என்று தோழிகள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கு நாகர்கோவிலின் கதை ஒரு பதில் வைத்திருக்கிறது. 1819இல் லண்டன் மிஷன் சார்பில் அங்கே வந்த மார்த்தா மால்ட், பள்ளிப் பெண்களுக்குத் திண்டு லேஸ் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே அந்தப் பள்ளியின் அடிமைப் பெண்கள் சிலர் லேஸில் சம்பாதித்த பணத்தைக் கொடுத்துத் தங்கள் விடுதலையை வாங்கிக்கொண்டதாக மிஷன் பதிவுகள் சொல்கின்றன. ஒரு மனுஷி தன்னையே விலை கொடுத்து வாங்க நேர்ந்த கொடுமையை நான் மறக்கவில்லை. மிஷனின் தருமத்தைப் புகழவும் இதைச் சொல்லவில்லை. அந்தப் பணம் அவள் கைக்கு வந்தது, அவளுடையது என்று கணக்கில் நின்றது. அதனால்தான் நூலும் திண்டும் கதவைத் திறக்க முடிந்தது. கூலி கைக்கு வராத இடத்தில் அதே நூல் அவளை வீட்டோடு கட்டிப்போடும்.

ஆகவே கையா இயந்திரமா என்ற விவாதம் எனக்கு இரண்டாம்பட்சம். வீட்டிலிருந்து வேலை செய்பவர்களையும் மற்றத் தொழிலாளர்களுக்குச் சமமாக நடத்தச் சொல்லும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் உடன்படிக்கை 1996இலேயே வந்துவிட்டது. இந்தியா இன்னும் அதை ஏற்கவில்லை. தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்குப் பெண் என்றும் பொருள் உண்டு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டதால், அவள் தைப்பதை உழைப்பாகப் பார்க்காமல் இயல்பாகப் பார்க்கப் பழகிவிட்டோம். கையால் செய்தது என்று சொல்லி ஒரு பொருளை நம்மிடம் நீட்டும்போது, வளையம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்த வேண்டாம். இதற்கு எத்தனை மணி நேரம் ஆனது, அவளுக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்றும் கேட்போம். கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் போகலாம். நாலு பேர் கேட்டால் அவர் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.