வாக்கில்லாதவர் பருகும் நீர்

உழவர் சங்கமொன்றின் தலைவர் யாருக்குக் கடமைப்பட்டவர்? உறுப்பினருக்கு என்பதே உடன் எழும் விடை. 1911ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இலங்கையில் வேரூன்றிய கூட்டுறவு இயக்கம், ஒருவருக்கு ஒரு வாக்கு என்னும் நெறியைப் போற்றியது. அந்நெறிப்படி, உறுப்பினருக்கு மலிவாக உரம் பெற்றுக் கொடுப்பவர் நல்ல தலைவரே.

சுன்னாகத்தில் நின்று நோக்குமிடத்து இவ்விடை போதாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கல்லில் தேங்கும் மழைநீரே தோட்டத்துக்கும் குடத்துக்கும் உரியது. 1970களின் முற்பகுதியில், இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் மிளகாயும் வெங்காயமும் நல்ல விலை பெற்றன. எம் பாட்டன்மாரின் கல்வீடுகள் பல அவ்வெங்காயத்தால் எழுந்தவை. அவ்வளத்தை எள்ளுதல் தகாது. ஆயின், செம்மண்ணில் மிகையாக இட்ட உரத்தின் நைத்திரேற்று வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றிற் கலந்தது. தோட்டம் செய்யாதவரும் கைக்குழந்தையும் அந்நீரையே பருகுகின்றனர். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கில்லை.

சுன்னாக மின்னிலையத்து எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்த வழக்கில், தனியார் மின்னுற்பத்தி நிறுவனமொன்று இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019இல் உயர் நீதிமன்றம் பணித்தது. மாசு செய்தவர் பிறர் ஆதலின் எம் சினம் தெளிவாயிருந்தது. நாமே பகிர்ந்த உரமூட்டையை எம்மன்றில் நிறுத்துவது?

தடையும் தீர்வன்று. 2021இல் அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென நிறுத்தியபோது உழவரே தவித்தனர். உரத்தைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். விளைச்சல் குன்றும் போகத்தின் நட்டத்தைச் சங்க நிதி பகிரவேண்டும். இத்திட்டத்தோடு பொதுக்கூட்டத்துக்கு வரும் தலைவர் வாக்கெடுப்பில் தோற்கவும் கூடும்.