நோயுற்ற இதயமும் உடலுழைப்பும்

மாரடைப்பு வந்து மீண்டவர் இனி உடலுழைப்பில் ஈடுபடலாமா? செம்பாக்கத்தில் நாம் அறிந்த இரண்டு வீடுகளில் இதற்கு இரண்டு விடைகள். ஒரு வீட்டில், "அத்தா, நீங்கள் அசையவே வேண்டாம்" என்று தண்ணீரைக்கூடக் கையில் கொண்டு வந்து கொடுக்கிறார்கள், பள்ளிவாசலுக்கும் அனுப்புவதில்லை. மற்றொரு வீட்டில், "விதித்த நாளுக்கு முன் மௌத்து வராது" என்று சொல்லிப் பெரியவர் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து மாடியேறுகிறார். முன்னதற்கு அன்பு என்றும் பின்னதற்குத் தவக்குல் என்றும் பெயரிடுகிறோம். இரண்டும் சரிதானா?

நின்று தொழ இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள், மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்குக் கற்பித்தார்கள். இந்தச் சலுகை நமக்கு நினைவிருக்கிறது. நிற்க ஆற்றலுள்ளவர் பர்ளை உட்கார்ந்து தொழுதால் அது நிறைவேறாது என்பதை மறந்து விடுகிறோம். சலுகை இயலாமைக்கே, வெறும் அச்சத்துக்கு அல்ல. நின்றால் நோய் கூடும் என்று மருத்துவர் சொன்னால் அதுவும் இயலாமைதான்.

மருத்துவமும் இங்கேதான் வந்து சேர்ந்திருக்கிறது. மாரடைப்புக்குப் பல வாரப் படுக்கையே ஒரு காலத்தில் சிகிச்சை. 1952-ல் அமெரிக்க மருத்துவர்கள் லெவினும் லவுனும் நோயாளிகளை விரைவிலேயே நாற்காலியில் உட்கார வைத்து, அதுவே நலம் என்று எழுதினார்கள். 1953-ல் ஜெரமி மாரிஸ் என்பவர் லண்டன் பஸ்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இதயநோய் குறைவு என்று கண்டார்.

ஆகவே மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவோம். சமதரையில் சிறிது தூரம் நடந்து, நாளுக்கு நாள் கூட்டலாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், அதுவே அளவு. வயிறு நிறைய உண்டவுடனும் கத்திரி வெயிலிலும் நடக்க வேண்டாம். மூச்சை அடக்கிப் பாரம் தூக்க வேண்டாம். நெஞ்சு வலித்தால் உடனே நிற்க வேண்டும். நின்றும் வலி தணியாவிட்டால் தாமதியாமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

உடல் நமக்கு அமானத். அமானத்தாக வந்த மாட்டுக்கு மிகுந்த பாரம் ஏற்றிக் கொல்வதும் துரோகம்; தொழுவத்தில் கட்டியே வைத்து முடமாக்குவதும் துரோகம். பிள்ளைகளே, அத்தாவைத் தடுக்காதீர்கள். கூடவே நடந்து பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். பெரியவர்களே, சிலிண்டரைப் பிள்ளைகளிடம் விட்டு விடுங்கள்.

ஆற்றலுக்கேற்ற அமலை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.