உரைகல் எதை உரைக்கிறது?

சேலம் செவ்வாய்ப்பேட்டையிலே கொலுசுப் பட்டறைகள் உண்டு. அங்கே வெள்ளியின் தரம் பார்ப்பவர், அது எந்த வீட்டுப் பெட்டியிலே இருந்தது, எந்த மொழியினர் கையிலே புழங்கியது என்று கேட்பதில்லை. மாற்று என்ன என்பதே கேள்வி. உரைகல்லின் பெருமை அதுவன்றோ!

அறிவுக்கும் அப்படியோர் உரைகல் வேண்டும். மறுப்பாரில்லை.

அதே சேலத்திலே 1997ஆம் ஆண்டு எழுந்தது பெரியார் பல்கலைக் கழகம். நாமக்கல்லிலே லாரிக்குப் பாடி கட்டும் தொழிலாளியின் மகள் ஒருத்தி, அங்கே இயற்பியலில் முதுகலை முடித்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு வர விழைகிறாள் என்று கொள்வோம். உதவித்தொகை இன்றேல் ஆய்வு அவளுக்கு எட்டாக் கனி. அதற்குரிய பெருவழி, அறிவியலுக்கான தேசியத் தகுதித் தேர்வு. 3 மணி நேரம், 200 மதிப்பெண். ஆய்வுச் சேர்க்கைக்கும் இத்தேர்வைக் கொள்ளலாம் என்றும், உதவித்தொகை பெறாது தகுதி மட்டும் பெற்றோர்க்குத் தேர்வுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு என்றும் 2024இல் பல்கலைக் கழக மானியக் குழு அறிவித்தது.

இதிலே நன்மையும் உண்டு, மறைப்பானேன்? எழுத்துத் தேர்வு முகம் பார்ப்பதில்லை, குலம் கேட்பதில்லை, பரிந்துரைக் கடிதம் கோருவதில்லை. பேராசிரியரின் தயவொன்றே வாயிலானால், ஏழை மகள் எங்கே நிற்பாள்?

ஆனால், முகம் பார்க்காத தேர்வு மொழி பார்க்கிறதே! வினாத்தாள் ஆங்கிலத்திலே வருகிறது, இந்தியிலே வருகிறது, தமிழிலே இல்லை. காசியிலே பிறந்தவன் தாய்மொழியிலே வினாவைப் படிக்கலாம். காவிரிக் கரையிலே பிறந்தவளுக்கு அந்த உரிமை இல்லை. பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்ட வல்லவன் முந்துகிறான், வகையற்றவள் பிந்துகிறாள். உரசப்படுவது வெள்ளியா, பெட்டியா?

இன்னொன்றும் எண்ணுக. நான்கு விடைகளைக் காட்டி, ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது தாள். ஆய்வோ, நான்குமே தவறாக இருக்கலாமே என்று ஐயுறும் நெஞ்சிலே பிறப்பது! விரைந்து குறிப்பவரைக் கண்டுபிடிக்கும் தேர்வு, ஆழ்ந்து ஐயுறுபவரைக் கண்டுகொள்ளுமா?

தேர்வை ஒழி என்று கூறவில்லை, திருத்து என்கிறோம். பெயர் மறைத்த தாளிலே, அவள் எண்ணும் மொழியிலே, முடிவு காணாத சிக்கலொன்றைத் தந்து, எவ்வாறு அணுகுவாய் என்று கேட்கட்டும். கடினமாகவே இருக்கட்டும்! திருத்துவோர்க்கு வேலை மிகும், மிகட்டுமே. ஒருத்தியின் இளமையிலே சில ஆண்டுகளை ஆய்வுக்குக் கேட்பவர், அவள் எழுதிய ஐந்து பக்கத்தைப் படிக்கலாகாதா?

வெள்ளியை விடுத்துப் பெட்டியை உரசும் கல், உரைகல் அன்று, வெறுங்கல்!