அடைத்து வைத்த அன்பு

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்திற்கு நேரும் குற்றங்கள் ஐந்து எனத் தத்துவார்த்த சூத்திரத்துள் உமாசுவாமிகள் வகுத்துள்ளார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், தாங்கொணாப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. இவற்றுள் ஒன்றேனும் கொலையன்று என்பதை அன்பர்கள் நோக்குதல் வேண்டும். ஓர் உயிரைக் கொல்லாமலேயே கொல்லாமை விரதத்திற்குக் குற்றம் இழைக்க முடியும் என்பதே இவ்வகுப்பின் கருத்து. உழவு மாட்டையும் கறவைப் பசுவையும் கருதியே இவை சொல்லப்பட்டன என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். தொழுவம் இல்லாத வீடுகளிலும் இன்று கிளியும் மீனும் ஆமையும் அடைபட்டிருக்கின்றன. அவற்றை நாம் அன்பினால் வளர்ப்பதாகவே கூறுகிறோம். அவ்வன்பு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் சமூகத்துப் பிள்ளைகள் பலர் கடல் கடந்து வாழ்கின்றனர். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் உறவினர் மகள் ஒருத்தி, பள்ளி மாணவி, தொலைபேசி வழியே எம்மிடம் ஒரு வினாத் தொடுத்தாள். அண்டை வீட்டார் வேற்றூருக்குக் குடிபெயர்ந்தபோது, தாம் பல்லாண்டுகள் வீட்டினுள் வளர்த்த பெட்டி ஆமை ஒன்றை அவளிடம் ஒப்படைத்துச் சென்றனராம். "மண்புழு கொடுக்கவேண்டும் என்று கால்நடை மருத்துவர் சொல்கிறார், பாட்டி. கூடவே கூடாது என்று அம்மா சொல்கிறார். எது அகிம்சை?" என்று கேட்டாள். சிறுமி கேட்டதாயினும் இது சிறிய வினா அன்று.

முதலில் அவ்வுயிரை அறிவோம். இருபதாம் தீர்த்தங்கரராகிய முனிசுவிரதரின் இலாஞ்சனை ஆமை. ஐம்புலன் அடக்கத்திற்கு ஆமையை உவமை கூறுவதும் தமிழ் மரபு. பெரும்பாலான ஆமைகள் தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக் கொள்வதோடு நின்றுவிடும். பெட்டி ஆமைக்கோ அடியோட்டில் கீல் போன்ற மடிப்பு உண்டு. அஞ்சும்போது அது தன் ஓட்டை முன்னும் பின்னும் இறுக மூடிக்கொள்ளும். லின்னேயஸ் 1758இல் இவ்வினத்திற்கு அறிவியற் பெயர் இட்டார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில், உதிர்ந்த இலைகளின் ஈரத்தில் இது வாழ்கிறது. லூசில் ஸ்டிக்கல் என்னும் அம்மையார் மேரிலாந்து மாநிலத்துப் பட்டக்சன்ட் ஆய்வு நிலத்தில் இவ்வாமைகளுக்கு அடையாளமிட்டு ஆராய்ந்து, 1950இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஒவ்வோர் ஆமையும் சில நூறு அடி விட்டமுள்ள நிலத்தையே தன் ஊராகக் கொண்டு வாழ்வதை அவர் கண்டார். பல்லாண்டுகள் கழித்து மீண்டும் தேடியபோதும், பல ஆமைகள் பெரும்பாலும் அதே நிலத்திலேயே இருந்தன. அதற்கு ஓடு மட்டுமே வீடன்று, அந்நிலமும் வீடே.

அத்தகைய உயிரை ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் இட்டால் என்ன நேரும்? அது கத்தாது, குரைக்காது, கடித்து எதிர்ப்பதும் அரிது. ஓரிடத்தில் அசையாமல் கிடக்கும். "எவ்வளவு சாது!" என்று நாம் மகிழ்வோம். பேசாமல் அமர்ந்திருக்கும் குழந்தையைப் பாடம் புரிந்த குழந்தை என்று கொள்ளலாகாது என ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பித்தனர். பின்னாளில் நாமும் பயிற்சி மாணவியர்க்கு அதனையே கற்பித்தோம். ஆமைக்கும் அது பொருந்தும். குளிரால் ஒடுங்குதலும் நோயால் சோர்தலும் அச்சத்தால் மூடிக்கொள்ளுதலும் புறத்தே பார்ப்பவர்க்கு அமைதியாகவே தோன்றும். வாயில்லா உயிரை அடைத்து வைத்தவர்க்கு, அதன் துன்பத்தைத் தாமே தேடி அறியும் கடமை வந்து சேர்கிறது.

அக்கடமை எளியதன்று. காட்டில் வெயில், நிழல், ஈரம், மண் ஆகியவற்றை ஆமை தானே நாடிச் செல்லும். வீட்டினுள் இவை அனைத்தையும் நாமே தரவேண்டும். இருப்பிடத்தின் ஒரு புறம் ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும், மறுபுறம் 22 அல்லது 23 டிகிரிக் குளிர்ச்சியும் வேண்டும். காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. புதைந்து கொள்ள ஆழமான ஈரமண்ணும், இறங்கி நனைய ஆழமில்லாத நீர்த்தட்டும் வேண்டும். ஊடுருவிப் பார்க்கக்கூடிய சுவர் அதற்குச் சுவராகத் தோன்றாது. வெளியேற முயன்று நாள் முழுதும் முட்டிக்கொண்டிருக்கும். ஆதலின் பக்கங்களை மறைத்தல் நன்று. சன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் புற ஊதாக் கதிரின் தேவையான பகுதி தடைப்பட்டுவிடும். அக்கதிர் இன்றேல் உடலில் டி உயிர்ச்சத்து உருவாகாது; சுண்ணாம்புச் சத்து சேராது; எலும்பும் ஓடும் மென்மையாகி உருக்குலையும். ஆகவே அதற்கென உள்ள விளக்கைப் பொருத்துவர். அவ்விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. சில மாதங்களில் அதன் கதிர் குன்றிவிடும். ஒளியோ முன்போலவே தெரியும். விளக்கு எரிகிறது என்று வீட்டார் மகிழ்ந்திருக்க, ஆமையின் எலும்பு நாள்தோறும் கரைந்து கொண்டிருக்கும்.

ஹிம்சைக்கு இலக்கணம் கூறுமிடத்துப் பிரமாதம் என்னும் கவனமின்மையைச் சூத்திரகாரர் முன்வைத்ததன் பொருள் இங்கே விளங்குகிறது. விளக்கை மாற்ற மறந்தவர் கொடியவர் அல்லர். ஆயினும் அவருடைய மறதி ஓர் ஐயறிவுயிரின் உடலை வளைக்கிறது. அறிவில்லாத அன்பு அன்புடையவருக்கு மட்டுமே இனிக்கும்.

இனிச் சிறுமியின் வினாவுக்கு வருவோம். பெட்டி ஆமை பழம், கீரை, காளான் ஆகியவற்றோடு புழு, நத்தை, பூச்சி ஆகியவற்றையும் உண்ணும் இயல்பினது. இளம் ஆமைக்குப் புலாலுணவு மிகுதியாகத் தேவை. வளர்ந்த ஆமைக்கு அது குறையும், எனினும் ஒழியாது. வெறும் கீரையையே இட்டு வளர்த்தால் சத்துக் குறைந்து நோயுறும். ஏ உயிர்ச்சத்துக் குறைந்த ஆமைக்கு இமைகள் வீங்கிக் கண் திறவாது. செவிப்புறத்தில் சீழ்க்கட்டி தோன்றும். எனவே புழுவை மறுப்பது ஐந்தாவது குற்றமாகிய உணவு தடுத்தலில் முடிகிறது. புழுவைக் கொடுப்பதோ ஓர் ஈரறிவுயிரை நம் கையால் சாவுக்கு அனுப்புவதாகும். கடையில் விற்கும் உணவுத் துகள்களை வாங்கலாமே என்பர் சிலர். அவற்றுள் பலவற்றில் மீன் மாவு கலந்திருக்கிறது. கொலை கண்ணுக்கு மறைகிறதேயன்றி இல்லாமற் போவதில்லை.

காட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டால் பாவம் தீராதோ? தீராது. அது பிறந்த நிலம் எது என்பது நமக்குத் தெரியாது. அறியாத நிலத்தில் விடப்பட்ட ஆமை தன் ஊரைத் தேடி அலையும். சாலையைக் கடக்கையில் வண்டிச் சக்கரத்தில் மடிதலும் உண்டு. வீட்டில் தொற்றிய நோயைக் காட்டிலுள்ள ஆமைகளுக்கு அது பரப்பவும் கூடும். அவ்வாறாயின் வேறொருவரிடம் கொடுத்துவிடலாமா? ஆமையை நன்கறிந்தவரிடம் கொடுத்தல் அவ்வுயிர்க்கு நன்மையாகலாம். ஆனால் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றும் வினையே எனக் கற்றவர்கள் நாம். அவர் இடும் புழுவில் நமக்குப் பங்கில்லை என்று சொல்ல இயலாது.

எல்லா வழிகளும் அடைபட்டதாகத் தோன்றுகிறது அன்றோ? உண்மையில் அவை அடைபட்டது இன்று அன்று. எவரோ ஒருவர் அவ்வாமையைக் காட்டிலிருந்து எடுத்து, "இது எனக்கு வேண்டும்" என்று எண்ணிய அன்றே அடைபட்டன. பூனை முதலிய ஊனுண்ணிகளை விரும்பி வளர்த்தலை நம் முன்னோர் அநர்த்த தண்டத்துள் வைத்தனர். அதன் காரணம் அவ்வுயிர்கள்மேல் வெறுப்பன்று. காட்டில் ஆமை புழுவைத் தின்பது அதன் இயல்பு. அங்கே நமக்கு வினையில்லை. வீட்டிற்குக் கொணர்ந்த பின்னரோ அதன் பசியும் நம்முடையதாகிறது. அப்பசியைத் தீர்க்கும் கொலையும் நம்முடையதாகிறது. பரிக்கிரகம் ஹிம்சையைப் பெறும் முறை இதுவே. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் இவ்வாமைகள் பிடிக்கப்பட்டு அயல்நாடுகளுக்கு விற்கப்பட்டமையால், 1994இல் கூடிய உலக நாடுகள் இவற்றின் வணிகத்தைக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர முடிவு செய்தன. அவ்வணிகத்தை வளர்த்ததும் உயிர்களை விரும்புவோரின் விருப்பமே.

சிறுமிக்கு நாம் கூறிய விடை இது. "மருத்துவர் சொன்ன அளவு கொடு, அதற்கு மேல் கொடாதே. வேடிக்கை பார்ப்பதற்காகக் கொடாதே. கொடுக்கும்போது இது பாவமில்லை என்று உனக்கு நீயே சொல்லிக் கொள்ளாதே. அன்றாடம் பிரதிக்கிரமணத்தில் அப்புழுவையும் நினை. விளக்கை மாற்றும் நாளை நாட்காட்டியில் குறித்து வை. ஆமையைத் தொட்டபின் கையைச் சோப்பிட்டுக் கழுவு. அதன் உடலில் நமக்கு நோய் தரும் கிருமி இருக்கலாம். இன்னொன்றை வாங்காதே, இதனை இனம் பெருக்காதே. அம்மாவிடம் சினம் கொள்ளாதே. அவர் புழுவின் பக்கம் நிற்கிறார். புழுவின் பக்கம் நிற்கவும் ஒருவர் வேண்டும்."

இறுதியாக ஒன்று. பெட்டி ஆமை சாதாரணமாக முப்பது, நாற்பது ஆண்டுகள் வாழும். ஐம்பதைக் கடப்பதும் உண்டு. எழுபதைக் கடந்த எம் போன்றோர் இன்று ஓர் இளம் ஆமையை வாங்கினால், அது எமக்குப் பின்னும் நெடுங்காலம் பசித்திருக்கும். பேரக் குழந்தையின் பிறந்த நாளுக்கு உயிர்ப்பரிசு வாங்க எண்ணும் பெரியோர் இதனை உள்ளத்திற் கொள்க. நகையையும் நிலத்தையும் எவரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைக்கும் நாம், நம் கையை எதிர்நோக்கியிருக்கும் உயிரை எவரிடம் ஒப்படைப்பது என்று எழுதி வைத்தோமா? ஏற்கெனவே ஓர் உயிரை அடைத்து வைத்திருப்போர் அதன் ஆயுள் முடியுமட்டும் கடன்பட்டவர்கள். இன்னும் அடைக்காதோர் அக்கடனை ஏலாது இருப்பதே அவ்வுயிர்க்குச் செய்யும் அபயதானம். சிந்திப்போமாக.