ஆறாம் அதிகாரத்தின் முதல் பாதி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் எபேசியர் ஆறாம் அதிகாரம் என்றாலே சர்வாயுதவர்க்கம்தான். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் அட்டையில் தலைச்சீரா வெட்டி ஒட்டுவார்கள். உபவாசக் கூட்டத்தில் அதே வசனங்கள் மைக்கில் முழங்கும். பையன் படிப்பில் பின்தங்கினாலும், வரன் தட்டிப்போனாலும், வியாபாரம் படுத்தாலும் சத்துருவின் கிரியை என்று கட்டி ஜெபிப்போம். கேலிக்காகச் சொல்லவில்லை. பிசாசு உண்டென்று நம்புகிறவன்தான் நானும். பிள்ளைகள் தலையில் கைவைத்து ஜெபிக்காமல் ராத்திரி படுப்பதில்லை.

உறுத்துவது வேறு. உறவுக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் ஒருநாள் காலையில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் கிடந்தது. ஜெபக்குழு வந்தது, எண்ணெய் ஜெபித்து நிலையில் பூசியது. கிளம்பும்போது ஓர் அம்மா குரலைத் தணித்துச் சொன்னார்: "வெளியாள் இல்லம்மா, உங்க சொந்தத்துலேயே ஒருத்தங்கதான். பாத்து இருந்துக்கோங்க." பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. பாகப்பிரிவினையில் ஓரகத்தியோடு ஏற்கெனவே மனத்தாங்கல். அன்றோடு ஓரகத்தி வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. பிள்ளைகளுக்குப் பெரியம்மா பலகாரமும் நின்றுபோயிற்று. அக்கம்பக்கத்தில் யாரோ திருஷ்டி கழித்து எறிந்தது உருண்டு வந்திருக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

நமக்குச் சண்டை மனிதரோடு அல்ல என்று பவுல் அந்த இடத்திலேயே, ஆயுதங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். மந்திர தந்திரம் அறியாத ஊருக்கா எழுதினார்? அப்போஸ்தலர் 19-ஐப் பாருங்கள். எபேசுவில் மனம் திரும்பியவர்கள் எல்லார் முன்பாகவும் எரித்த மாயவித்தைப் புத்தகங்களின் விலை 50,000 வெள்ளிக்காசு. ஸ்கேவாவின் குமாரர் ஏழுபேர் இயேசுவின் பெயரை மந்திரம்போல உச்சரித்துப் பார்த்து, பிசாசு பிடித்தவனிடம் அடிவாங்கி, துணியில்லாமல் ஓடியதும் அங்கேதான். அப்படிப்பட்ட ஊரார் வாசலில் கட்ட ஒரு தாயத்துக்குத்தான் ஆசைப்பட்டிருப்பார்கள். பவுலோ முதலில் வீட்டுக்குள் நுழைகிறார். மனைவியை நேசி, பிள்ளைகளைக் கோபமூட்டாதே, வேலைக்காரனை மிரட்டாதே என்று ஐந்தாம் அதிகாரத்தின் பின்பாதியிலிருந்து ஒரு சுற்று வந்த பிறகுதான் கச்சையும் கேடயமும். கச்சை என்பது சத்தியம். "கடன்காரன் வந்தா அப்பா இல்லேன்னு சொல்லு" என்று மகளை வாசலுக்கு அனுப்பிவிட்டு, ராத்திரி எட்டு மணிக்கு அவளையே உட்காரவைத்துப் பிசாசைக் கட்டுகிற தகப்பன் இடுப்பில் எதைக் கட்டியிருக்கிறான்?

இன்னொன்று இதைவிடக் கொடுமை. புருஷன் குடித்துவிட்டு அடிக்கிறான் என்று அழுதுகொண்டு வருகிறவளிடம், அவனைக் குடிப்பிசாசு ஆட்டுகிறது, நீ திறப்பிலே நின்று ஜெபி என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அடித்த கை தப்பித்துக்கொள்கிறது. ஜெபம் போதவில்லை என்ற பழியும் அவளுக்கே. ஜெபிக்கட்டும். அதற்குமுன் பெண்கள் உதவி எண் 181-க்கு யாராவது போன் போட்டுக் கொடுங்கள்.

91-ஆம் சங்கீதம் காவலுக்கென்று பல வீடுகளில் நிலைக்கு மேல் தொங்குகிறது. எனக்கும் பிடித்த சங்கீதம். ஆனால் தேவாலய உப்பரிகையில் இயேசுவிடம் அதை எடுத்துச் சொல்லி, குதி என்றவன் பிசாசு. வேதத்தில் பிள்ளைகளைக் காக்க யோபுவைப்போல் பாடுபட்ட தகப்பன் யார்? பிள்ளைகளின் விருந்து முறை முடிந்ததும் அதிகாலையில் எழுந்து ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பலி செலுத்தியவன். அவனைச் சுற்றி வேலி இருந்ததாகச் சாத்தானே ஒத்துக்கொள்கிறான். பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனார்கள்.

விபத்தில் மகனைப் பறிகொடுத்த வீட்டில், பெட்டி எடுக்குமுன்பே, "ஜெபத்துல எங்கயோ ஓட்டை விட்டிருக்கீங்க" என்று தாயிடம் சொன்னவரைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். யோபுவின் சிநேகிதரும் ஏறக்குறைய இதைத்தான் பக்கம் பக்கமாகப் பேசினார்கள். கடைசி அதிகாரத்தில் கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் மூண்டது. அவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் வேலையும் பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபுவுக்கே வந்து சேர்ந்தது.