செபம், சாதகம், மன்றாட்டு: கிறித்தவ வேண்டுதலில் விடாமுயற்சி

முன்னுரை

வேண்டுதல் எல்லாச் சமயங்களுக்கும் பொதுவானது. ஆயினும், வேண்டுதலைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்னும் கருத்து எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை. பசித்த குழந்தை அழுவதற்குப் பயிற்சி பெறுவதில்லை. அவ்வாறிருக்கத் துன்புற்றவர் இறைவனை அழைப்பதற்குப் பயிற்சி எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில், தங்களுக்கு வேண்டக் கற்றுத்தருமாறு சீடர்களுள் ஒருவர் இயேசுவைக் கேட்கிறார். அவர்கள் வேண்டுதலை அறியாதவர்கள் அல்லர். திருப்பாடல்களை ஓதும் யூத மரபில் வளர்ந்தவர்கள். அறிந்தவர்களே கற்பிக்குமாறு கேட்டது சிந்திக்கத்தக்கது.

இதனோடு மேலும் இரு வினாக்கள் இணைகின்றன. கேட்பதற்கு முன்னரே இறைவன் அறிவான் என மத்தேயு நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் கூறுமாயின், சோர்வின்றி வேண்டுக என லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் வலியுறுத்துவது ஏன்? விடாது வேண்டியும் பெறாதவரிடம், வேண்டியது போதவில்லை எனக் கூறுவது அறமாகுமா? பின்னைய வினா ஏட்டளவில் நிற்பதன்று. நோயுற்ற மகவுக்காக வேண்டி அதனை இழந்த தாயிடம் இக்கூற்று இன்றும் சொல்லப்படுவதுண்டு. தமிழில் வேண்டுதலைக் குறிக்கும் சொற்களின் துணையோடும், தளேகாவை ஒட்டிய இந்திராயணிப் பள்ளத்தாக்கில் வளர்ந்த வழிபாட்டு மரபுகளின் துணையோடும் இவ்வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

தமிழ்க் கிறித்தவர் பெருவழக்காகக் கையாளும் சொல் செபம் என்பதாகும். சீர்திருத்தச் சபையினர் அதனை ஜெபம் என எழுதுவர். இது வடமொழியின் ஜபம் என்பதன் திரிபு. ஒரு நாமத்தையோ மந்திரத்தையோ திரும்பத் திரும்ப உருவேற்றுதலைக் குறிப்பது. பொருளற்ற சொற்பெருக்கத்தை இயேசு கண்டித்தார் என்பது நற்செய்தி. அவரைப் பின்பற்றுவோரின் தமிழ் வழக்கிலோ, திரும்பக் கூறுதலைக் குறிக்கும் சொல்லே வேண்டுதலின் பெயராயிற்று. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. கண்டிக்கப்பட்டது வெற்றுரையே, மீண்டும் கூறுதல் அன்று. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்றாம் முறையும் அதே சொற்களையே கூறி வேண்டியதாக மத்தேயு நற்செய்தியின் 26ஆம் அதிகாரம் குறிப்பிடுகிறது.

விண்ணப்பம் என்னும் சொல் அரசவையோடு தொடர்புடையது. மேலிருப்பவருக்குத் தாழ்ந்து அறிவித்தலைச் சுட்டுவது. மன்றாட்டு என்னும் சொல்லோ மன்று என்பதன் அடியாகப் பிறந்தது. மன்று என்பது ஊரவை. வழக்குத் தீர்க்கும் இடம். மன்றாடுதல் என்பதற்கு வழக்காடுதல் என்னும் பொருளும், இரந்து கேட்டல் என்னும் பொருளும் உண்டு. வழக்காடுவோர் உரிமையை முன்வைத்து நிற்பர். இரப்போர் அருளை நோக்கி நிற்பர். இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பது தமிழின் சிறப்பு. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் வேண்டுதல் என்னும் எளிய தமிழ்ச்சொல்லை மிகுதியும் ஆள்கிறது. எனினும், மன்றாட்டு என்பதில் அமைந்த வழக்குமன்றச் சாயல் வேண்டுதல் என்பதில் இல்லை.

இரவற் சொல்லும் தன்சொல்லும்

வேண்டக் கற்பித்தல் என்பது தமிழ் அச்சு வரலாற்றின் தொடக்கத்தோடு பிணைந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிசு சவேரியார், தமிழ் அறிந்தோர் துணையோடு அடிப்படைச் செபங்களை மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருக்களில் சென்று சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். 1554இல் லிசுபனில் அச்சான ‘கார்த்தில்யா’, உரோமன் எழுத்தில் தமிழ்ச் செபங்களைக் கொண்டிருந்தது. 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் அடிகளார் வெளியிட்ட ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கங்களே உடைய சிறுநூல். தமிழ் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் எனப் போற்றப்படுவது. மறுஆண்டு கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. தமிழ் அச்சின் முதற்பணி, மக்களுக்கு வேண்டக் கற்பிப்பதாகவே அமைந்தது.

இவற்றின் கற்பித்தல் முறை மனப்பாடமே. பொருள் விளங்குமுன் சொல் நாவில் பதிந்தது. இன்றைய கல்விச் சிந்தனையாளர் இதனைக் குறையாகக் கூறக்கூடும். ஆயின், தமிழ்க் கல்வி மரபு இதனை வேறுவிதமாக நோக்கியது. திண்ணைப்பள்ளிச் சிறுவர் ஆத்திசூடியைப் பொருள் உணர்ந்து ஓதியதில்லை. ஓதிய சொல் வாழ்நாள் முழுவதும் பொருளைத் தேடிக்கொண்டது. வேண்டுதலிலும் இதுவே நிகழ்கிறது. இரவலாகப் பெற்ற சொல், துன்பம் வந்துறும் நாளில் தன்சொல்லாகிறது. தனக்கெனச் சொல் எதுவும் எழாத நாளிலும் முன்னோர் தந்த சொல் நாவில் நிற்கிறது. விடாமுயற்சியின் முதற்படி, இச்சொல்லைக் கைவிடாமையே.

இந்திராயணிக் கரையில் சாதகம்

சொல்லைப் பெற்றவர் அதில் நிலைக்கப் பழகுவது அடுத்த படி. இதற்குத் தமிழகத்திற்கு வெளியே ஒரு களம் சான்றாகிறது. புனேயிலிருந்து மும்பை செல்லும் இருப்புப்பாதையில், லோனாவளாவுக்கு முன் உள்ள ஊர் தளேகாவ். அதனை ஒட்டிப் பாயும் இந்திராயணி ஆறு, துக்காராமின் தேஹூவையும் ஞானேசுவரரின் ஆளந்தியையும் தழுவிச் செல்வது. தளேகாவுக்கு அருகிலுள்ள பண்டாரா குன்றைத் துக்காராம் தனித்திருந்து தியானித்த இடமாக மரபு காட்டும். அவருடைய பாடல்கள் இந்திராயணியில் எறியப்பட்டன என்றும், அவர் ஆற்றங்கரையில் 13 நாள் உண்ணாது கிடந்து விட்டலனிடம் முறையிட, ஏடுகள் மிதந்து வந்தன என்றும் வாரகரி மரபு கூறும். அவர் கையாண்ட பாவடிவத்தின் பெயர் அபங்கம். முறிவற்றது என்பது அதன் சொற்பொருள். 1895இல் கிறித்தவம் தழுவிய மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக், துக்காராமே தம்மைக் கிறித்துவிடம் சேர்த்த பாலம் என்னும் பொருள்படக் கூறினார். அபங்க வடிவிலேயே கிறித்தவப் பாடல்களும் இயற்றினார். வைணவக் குடியில் பிறந்த எச். ஏ. கிருட்டிணப் பிள்ளை, தம் பழைய பக்தித் தமிழைக் கைவிடாது ‘இரட்சணிய யாத்திரிகம்’ இயற்றியதை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம்.

இதே பள்ளத்தாக்கின் மேல்முனையாகிய லோனாவளாவில், இயேசு சபையைச் சேர்ந்த அந்தோணி தெ மெல்லோ (1931–1987) சாதனா நிறுவனத்தை நடத்தினார். 1970களில் புனேயில் தொடங்கிய பணியின் தொடர்ச்சி அது. புனேயில் அச்சபையினர் நடத்தும் கல்லூரி ஒன்று, மதுரையில் தமிழ் கற்றுத் தத்துவபோதகர் எனப் பெயர்பெற்ற இராபர்ட் தெ நொபிலியின் பெயரைத் தாங்கியிருப்பது தமிழாய்வாளர் அறியத்தக்கது. 1978இல் வெளிவந்த தெ மெல்லோவின் ‘சாதனா’ என்னும் நூல், வேண்டுதலைப் பயிற்சிகளின் வரிசையாக அமைத்தது. அமைதியில் இருத்தல், உடலின் உணர்வுகளைக் கவனித்தல், மூச்சைக் கவனித்தல் எனத் தொடங்கிப் பக்தியில் அது முடிகிறது. இயேசு நாமச் செபமும், தனக்கான வேண்டுதலும், பிறருக்காகப் பரிந்து வேண்டுதலும் அதன் இறுதிப் பகுதியில் இடம்பெறுகின்றன.

இன்றைய தமிழில் சாதனை என்பது அடைந்து முடித்த ஒன்றைக் குறிக்கிறது. வடமொழியின் சாதனாவோ அடைவதற்கான இடையறாப் பழக்கத்தைச் சுட்டுவது. அப்பொருளுக்கு அணித்தான தமிழ் வழக்கு, இசைவாணர் கூறும் சாதகம் என்பதாகும். விடியற்காலையில் சாதகம் செய்யும் பாடகர் அன்றைய கச்சேரிக்காக மட்டும் பாடுவதில்லை. குரலைச் சுருதிக்கு இசையச் செய்கிறார். வேண்டுதலில் பயிற்சிக்குரிய இடமும் இத்தகையதே. அது இறைவனை வரவழைப்பதன்று. வேண்டுபவரின் கவனத்தை இசைவாக்குவது.

இதன் எல்லையும் சுட்டத்தக்கது. 1989இல் கத்தோலிக்கத் திருச்சபையின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் கிறித்தவத் தியானம் குறித்து வெளியிட்ட மடல், கீழைநாட்டு முறைகளை முற்றிலும் விலக்கவில்லை. உடல் அடையும் அமைதியை இறையருளெனக் கொள்ளும் மயக்கத்தையே எச்சரித்தது. 1998இல் அதே பேராயம், தெ மெல்லோவின் எழுத்துகளில் உள்ள சில கருத்துகள் கத்தோலிக்க நம்பிக்கையோடு பொருந்தா என அறிவித்தது. கோட்பாட்டு வாதத்தை விடுத்து அறநோக்கில் காணினும் ஒரு வினா எஞ்சும். பயிற்சியால் அமைதி பெற்றவர், பிறகு எதையும் கேட்கத் தேவையற்றவராகிவிடின், அயலாரின் துன்பத்திற்காக யார் கேட்பது? அமைதி கேட்டலை ஒழிக்குமாயின், வேண்டுதலின் ஒரு பாதி இழக்கப்படுகிறது.

கைம்பெண்ணும் கண்ணகியும்

அந்தப் பாதியைக் காப்பது மன்றாட்டு. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண், கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நடுவனிடம் மீண்டும் மீண்டும் வருகிறாள். அவள் கேட்பது செல்வமன்று, எதிரியிடமிருந்து நீதி. அவளது தொல்லை பொறுக்கமாட்டாமல் நடுவன் இறுதியில் தீர்ப்பளிக்கிறான்.

தமிழாய்வாளர்க்கு இவ்விடத்தில் கண்ணகி நினைவுக்கு வருவது இயல்பு. அவளும் கணவனை இழந்தவள். நீதி தவறிய அவையில் வழக்குரைத்தவள். ஆயின், இருவர்க்கும் வேறுபாடு பெரிது. கண்ணகியிடம் சிலம்பு என்னும் சான்று இருந்தது. மணிப்பரல் தெறித்த அளவில் வழக்கு முடிந்தது. அரசன் தன் பிழை உணர்ந்து உயிர்நீத்தான். நற்செய்திக் கைம்பெண் சான்று எதையும் காட்டுவதாக உவமை கூறவில்லை. அவளிடம் காணப்படுவது மீண்டும் வருதல் ஒன்றே. அநீதியோடு உடன்பட மறுக்கும் அவளது வருகையே அவளது சான்றாகிறது.

இவ்வுவமையில் இறைவன் கொடிய நடுவனுக்கு ஒப்பானவன் எனக் கொள்வது பிழை. இருவரும் முறையீடு பெறுவோர் என்னும் ஒப்புமை முதலில் தோன்றுகிறது. பின்னர் வேற்றுமை புலப்படுத்தப்படுகிறது. தண்டியலங்காரம் கூறும் வேற்றுமையணியின் போக்கினை இஃது ஒத்தது. கொடியவனே இசைவானாயின், நல்லவனாகிய இறைவன் எத்துணை விரைவான் என்பதே கருத்து. எனவே, இறைவனைக் களைப்புறச் செய்து பெறுவதற்கான உத்தியாக விடாமுயற்சியைக் கொள்ள இயலாது. அவ்வாறு கொண்டால் வேண்டுதல் பேரமாகிவிடும்.

கிடைக்காத வேண்டுதல்

விடாது வேண்டுவோர் கட்டாயம் பெறுவர் என்பது விவிலியத்தின் முழுக்கருத்தன்று. கெத்சமனியில் மும்முறை வேண்டிய இயேசுவை விட்டுத் துன்பக் கிண்ணம் அகலவில்லை. தம் உடலில் தைத்த முள் நீங்குமாறு பவுல் மும்முறை வேண்டினார் எனக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் மடலின் 12ஆம் அதிகாரம் கூறுகிறது. முள் நீங்கவில்லை, அருள் போதும் என்னும் மறுமொழியே கிடைத்தது. இவ்விருவரின் நம்பிக்கையும் முயற்சியும் குறைவுடையன எனக் கூறத் துணிவார் எவருமிலர். அவ்வாறாயின், மகவை இழந்த தாயிடம் மட்டும் அக்குறையைச் சுமத்துவது எவ்வகையிலும் அறமாகாது. கிடைத்த பயனைக் கொண்டு வேண்டுதலை அளப்போர், துன்புற்றோரை இருமுறை துன்புறுத்துகின்றனர்.

எதை வேண்டுவது என்பதையே மனிதர் தக்கவாறு அறியார் என்பது உரோமையருக்கு எழுதிய மடலின் 8ஆம் அதிகாரக் கருத்து. வேண்டத்தக்கதை உணர்ந்தவன் இறைவனே என்னும் எண்ணம் திருவாசகத்தின் குழைத்தபத்திலும் காணப்படுகிறது. இரு மரபுகளும் இவ்வறியாமையை ஒப்புக்கொண்ட பின்னரும் வேண்டுதலை நிறுத்தவில்லை என்பது கருதத்தக்கது. அறியாமை மௌனத்திற்குக் காரணமாகாமல் கற்றலுக்குக் காரணமாகிறது. கண்ணிழந்த சுந்தரர் தலந்தோறும் சென்று முறையிட்டார். காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறுகண்ணும் பெற்றார் எனப் பெரியபுராணம் கூறும். ஒரு கண் பெற்ற நிலையிலும் அவர் மன்றாடுவதை விடவில்லை. உறவு உண்டென்பதாலேயே உரிமையோடு இடித்துரைக்க முடிகிறது.

இதிலிருந்து ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஒரே கோரிக்கையில் விடாப்பிடியாக நிற்பது வேறு. கேட்கும் உறவில் நிலைத்திருப்பது வேறு. முள்ளை நீக்குமாறு கேட்பதைப் பவுல் ஒரு நிலையில் நிறுத்தினார்; வேண்டுவதை நிறுத்தவில்லை. கெத்சமனியில் கிண்ணம் அகலுமாறு எழுந்த வேண்டுதல், தந்தையின் விருப்பம் நிறைவேறுமாறு கேட்கும் வேண்டுதலாகக் கனிந்தது. கோரிக்கை மாறியது, கேட்பவரும் கேட்கப்படுபவரும் பிரியவில்லை. அநீதியை எதிர்க்கும் கைம்பெண்ணின் கோரிக்கையோ மாறவேண்டியதன்று. அது நிறைவேறும்வரை நிற்பதே அறம். எக்கோரிக்கையை மாற்றுவது, எதனை மாற்றாது நிற்பது எனப் பிரித்தறிதலே வேண்டக் கற்றலின் கடினமான பாடம். அது நூலால் மட்டும் வருவதன்று. நெடுநாள் வேண்டிப் பழகியோர்க்கே கைகூடுவது.

முடிவுரை

வேண்டுதல் கற்கத்தக்கதே என்பதும், அக்கற்றல் மூன்று நிலைகளில் நிகழ்கிறது என்பதும் மேற்கூறியவற்றால் பெறப்படும். முன்னோர் தந்த சொல்லை உருவேற்றுதல் செபம். அச்சொல்லில் கவனத்தை நிலைநிறுத்தப் பழகுதல் சாதகம். தனக்காகவும் பிறருக்காகவும் துணிந்து கேட்டல் மன்றாட்டு. இவற்றுள் ஒன்று மற்றவற்றைத் திருத்துகிறது. கவனமற்ற செபம் வெற்றொலியாகும். கேட்டலை மறந்த சாதகம் தன்னமைதியில் முடங்கும். இறைவன் கேட்பதற்கு முன்னரே அறிவான் என்பதை மறந்த மன்றாட்டு பேரமாகும்.

விடாமுயற்சி, பெறுவதற்காகச் செலுத்தும் விலையன்று. பெறாதவரைக் குற்றஞ்சாட்டும் அளவுகோலும் அன்று. விடையறியாத நிலையிலும் மன்றை விட்டு வெளியேறாமையே விடாமுயற்சி. மகவை இழந்தபின்னும் இறைவன்முன் நின்று ஏன் என வினவும் தாய் வேண்டுதலில் தோற்றவள் அல்லள். அவள் இன்னும் மன்றாடிக்கொண்டிருக்கிறாள். அவள் அருகில் நிற்போர், அவளது வேண்டுதலை அளப்பதை விடுத்து, அவளோடு சேர்ந்து கேட்பதே தகும்.